வைட்டமின் டி குறைந்ததால் எண்டோமெட்ரியோசிஸ் வந்ததா, எண்டோமெட்ரியோசிஸால் அது குறைந்ததா?

மழைத்துளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. பதினேழு வயதிலிருந்தே மாதவிலக்கின் முதல் இரண்டு நாள்கள் எனக்குப் படுக்கையில்தான் கழிந்திருக்கின்றன. "எல்லாருக்கும் இருப்பதுதான், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்பதைக் கேட்டுக் கேட்டே ஆண்டுகள் ஓடிவிட்டன. நான்கு மாதங்களுக்கு முன், வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்தபோதுதான், இடது சினைப்பையில் 4 சென்டிமீட்டர் அளவுக்குப் பழைய ரத்தம் தேங்கிய ஒரு சாக்லேட் கட்டியும் கருப்பைக்குப் பின்புறம் சிறு சிறு திட்டுகளும் இருப்பது தெரிந்து, என் வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்ற பெயர் கிடைத்தது. கட்டியை அகற்றிவிட்டார்கள். இப்போது தினமும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்துவருகிறேன். மாதவிலக்கு ஏறக்குறைய நின்றுவிட்டது. வலி பாதிக்குமேல் குறைந்திருக்கிறது, ஆனால் முழுவதும் போய்விடவில்லை.

சென்ற வாரம் சோர்வுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று வந்தது. அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அன்றிரவே இணையத்தில் தேட உட்கார்ந்தேன். வைட்டமின் டி குறைவுதான் எண்டோமெட்ரியோசிஸுக்கு வேர் என்று ஒரு பக்கம் சொல்கிறது. நோயுள்ள பெண்களிடம் அது அதிகமாகவே இருக்கிறது என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டுமே ஆய்வுகளைத்தான் காட்டுகின்றன. இத்தனை ஆண்டுகளாக வெயில் படாமல் அறைக்குள்ளேயே கிடந்ததால் நானே இதை வரவழைத்துக்கொண்டேனோ என்ற எண்ணம் வந்ததிலிருந்து சரியாகத் தூங்க முடியவில்லை.

இந்தக் குறைவு என் நோய்க்குக் காரணமாக இருந்திருக்குமா? இதைச் சரிசெய்தால் மிச்சமிருக்கும் வலி போகுமா, கட்டி மீண்டும் வராமல் இருக்குமா? படித்தவர்களும் பட்டவர்களும் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாவேன்.

---

நெடுவழி எழுதியது:

சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்த நோய் உறுதியாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, ஏறக்குறைய எல்லாக் காரணங்களையும் வைத்து என்னை நானே குற்றம் சாட்டிப் பார்த்துவிட்டேன். மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள் வழிவதால் திசுக்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்று சாம்ப்சன் என்ற மருத்துவர் 1920களில் விளக்கினார். அந்தப் பின்வழிதல் பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. ஆனால் உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. மற்ற ஒன்பது பேருக்கு ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குள் மரபணு, நோயெதிர்ப்பு, ஹார்மோன் என்று பலவும் இருக்கின்றன. அத்தனையையும் ஜன்னல் ஓரத்தில் உட்காராத ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

வைட்டமின் டி பற்றி என் அனுபவம் இது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எனக்கு 14 இருந்தது. மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொண்டேன், பத்து மாதங்களில் 38 ஆனது. அந்த நாள்களில் ஒரு கட்டம்போட்ட நோட்டுப் புத்தகத்தில் தினமும் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டி வந்தேன்: வலியில்லாத நாளுக்குப் பச்சை, மாத்திரை போட்டுச் சமாளித்த நாளுக்கு மஞ்சள், எழுந்திருக்க முடியாத நாளுக்குச் சிவப்பு. தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் சிவப்புக் கட்டங்கள் 13, அளவு 38ஐத் தொட்ட பிறகான மூன்று மாதங்களில் 12. ஒருவருடைய நோட்டுப் புத்தகத்தை வைத்து உலகுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. சிவப்புக் கட்ட நாள்களில் நான் திரையை விலக்கக்கூட எழுந்ததில்லை. வலி முதலில் வந்தது, வெயில் அதற்குப் பிறகுதான் என்னை விட்டுப் போனது. உங்கள் கதையிலும் வரிசை அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

கணக்காயர் எழுதியது:

நேரான பதிலைச் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன். வைட்டமின் டி குறைவு எண்டோமெட்ரியோசிஸை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை; அதை உயர்த்தினால் திட்டுகள் கரையும், கட்டி திரும்பாது என்பதும் நிறுவப்படவில்லை. மருத்துவ ஆய்வுத் தரவுகளை அலசுவது என் தொழில் என்பதால், நீங்கள் கண்ட முரண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு பக்கத்தினரும் பொய் சொல்லவில்லை. 2007இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 87 பெண்களிடம் சராசரி அளவு 24.9 நானோகிராமாகவும், இல்லாத 53 பெண்களிடம் 20.4 ஆகவும் இருந்தது. அதாவது நோயுள்ளவர்களிடம்தான் அதிகம். 2013இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வோ எதிர்த்திசையைக் காட்டியது. 1991 முதல் 2005 வரை 70,556 பெண்களைப் பின்தொடர்ந்ததில் 1,385 பேருக்கு லேப்ராஸ்கோபி வழியாக நோய் உறுதியானது. வைட்டமின் டி மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட நோய் வரும் வாய்ப்பு 24 சதவீதம் குறைவு. கேட்பதற்குப் பெரிய எண்ணாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு அத்தனை பேரின் ரத்தத்தையும் சோதித்து அளவைக் கண்டறியவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வசிக்கும் பகுதியின் சூரிய ஒளி, உடல் எடை, உடற்பயிற்சி, உணவு போன்றவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இருக்கும் என்று கணித்த அளவு அது. அப்படியானால் அந்த 24 சதவீதம் வைட்டமின் டியின் வேலையா, நன்றாக நடமாடும் உடலின் வேலையா என்று பிரித்துச் சொல்வது கடினம். பிறகு 2020இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, நோயுள்ளவர்களிடம் அளவு குறைவாக இருப்பதாகவே முடித்தது.

இந்த வகை ஆய்வுகளில் எனக்குள்ள பெரிய ஐயம் காலவரிசை பற்றியது. பெரும்பாலானவற்றில் ரத்தம் எடுக்கப்படுவது நோய் கண்டறியப்படும் நாளில். நோயோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். வலியால் வெளியே போகாமல் இருப்பது அளவைக் கீழே இழுக்கும். மறுபுறம், வைட்டமின் டி கொழுப்புத் திசுவில் தங்கிவிடுவதால் பருமனானவர்களுக்கு ரத்தத்தில் குறைவாகக் காட்டும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் சராசரியாகச் சற்று மெலிந்தவர்கள் என்பதால் அது அவர்களின் அளவை மேலே தூக்கும். இரண்டு கயிறுகள் எதிரெதிராக இழுக்கும்போது எந்த ஊரில், எந்தப் பருவத்தில், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுவதில் வியப்பில்லை.

ஆகவே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஈரானில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலி தொடர்ந்த 39 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரம் 50,000 யூனிட் வீதம் 12 வாரங்கள் கொடுத்தார்கள். வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே நாட்டில் 60 பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 50,000 யூனிட் எடுத்தவர்களுக்கு இடுப்புக்குழி வலி குறைந்ததாகச் சொன்னது.

இவற்றுக்கு நடுவில் 2020இல் வெளியான ஒரு சோதனையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 12 முதல் 25 வயது வரையுள்ள, லேப்ராஸ்கோபியில் நோய் உறுதியான 69 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி, ஒரு குழுவுக்கு மீன் எண்ணெய், ஒரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று ஆறு மாதங்கள் கொடுத்தார்கள். யார் எதை எடுக்கிறார் என்பது எடுப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. பத்துக்கு எத்தனை என்று கேட்டதில், வைட்டமின் டி குழுவின் மிக மோசமான வலி 7.0லிருந்து 5.5க்கு இறங்கியது. இங்கேயே நிறுத்திக்கொண்டால் இது நல்ல செய்தி. போலி மாத்திரைக் குழுவில் 6.0லிருந்து 4.4க்கு இறங்கியது. அங்கே 1.5, இங்கே 1.6. வைட்டமின் டி குழுவின் எண்களை மட்டும் எடுத்து எழுதும் பக்கங்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டவற்றில் அவையும் இருந்திருக்கலாம்.

---

வெண்தாமரை எழுதியது:

கணக்காயர் அவர்கள் எழுதியதை மதிக்கிறேன், ஆனால் என் உடம்பு சொல்வது வேறு. எனக்கு அளவு 7 இருந்தது. இடுப்பு, முதுகு, தொடை எல்லாம் ஒரே வலி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு உடலை இழுத்துத்தான் ஏறுவேன். எல்லாம் எண்டோமெட்ரியோசிஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வைட்டமின் டி தொடங்கி மூன்றாம் மாதத்தில், கைப்பிடியைப் பிடிக்காமல் மேலே வந்து நிற்கிறேன் என்பதை மாடிக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். இதைப் போலி மாத்திரையின் மாயம் என்று யாராவது சொன்னால் ஏற்க முடியாது.

தவிர, இதற்கு அறிவியல் அடிப்படை இல்லாமலும் இல்லை. வைட்டமின் டியைப் பெற்றுச் செயல்படும் ஏற்பிகள் எலும்பிலும் குடலிலும் மட்டும் இல்லை. கருப்பையின் உட்படலத்திலும், சினைப்பையிலும், நோயெதிர்ப்புச் செல்களிலும் இருக்கின்றன. அதைச் செயல்படு வடிவத்துக்கு மாற்றும் நொதிகூடக் கருப்பை உட்படலத்தில் இருக்கிறது. ஜப்பானில் சாக்லேட் கட்டிகளிலிருந்து எடுத்த செல்களில் வைட்டமின் டியைச் சேர்த்தபோது, அழற்சியைத் தூண்டும் பொருள்களும், வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினும் குறைந்ததாக 2016இல் எழுதியிருக்கிறார்கள். எலிகளில் திட்டுகளே சுருங்கியிருக்கின்றன. பக்கவிளைவு அதிகமில்லாத ஒன்றை எடுத்துப் பார்ப்பதில் என்ன தவறு?

---

கணக்காயர் எழுதியது:

வெண்தாமரை அவர்களே, உங்களுக்கு வலி குறைந்தது உண்மை என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. எந்த வலி குறைந்தது என்பதுதான் என் கேள்வி. கடுமையான வைட்டமின் டி குறைவு எலும்பை மென்மையாக்கும். இடுப்பெலும்பிலும் முதுகிலும் தொடையிலும் மந்தமான வலி, மாடி ஏறவும் தரையிலிருந்து எழவும் முடியாத தசைத் தளர்ச்சி ஆகியவை அதன் பாடப்புத்தக அடையாளங்கள். 7 என்ற அளவில் அது நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவருக்கு உடம்பில் எங்கே வலித்தாலும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுவது நோயாளிகளிடமும் இருக்கிறது, மருத்துவர்களிடமும் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு நோய்கள் இருந்திருக்கலாம், ஒன்று குணமாகியிருக்கலாம். இதில் போலி மாத்திரையின் மாயம் எதுவும் இல்லை. வைட்டமின் டி தான் செய்யவேண்டிய வேலையைச் செய்திருக்கிறது.

ஆய்வகத் தட்டில் நடப்பதைப் பற்றி ஒரு சொல். அங்கே செல்களின் மீது ஊற்றப்படுவது பெரும்பாலும் செயல்படு வடிவமான கால்சிட்ரியால், அதுவும் ரத்தத்தில் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு செறிவில். மாத்திரையை விழுங்கி அந்தச் செறிவைத் திசுக்களில் எட்ட முடியாது. உடல் விடாது, விட்டால் கால்சியம் ஏறிவிடும். அந்த ஆய்வுகள் கேள்வி கேட்பதற்குத் தகுந்த காரணத்தைத் தருகின்றன, அவ்வளவே.

---

இளவேனில் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த நோய் உண்டு, என் மகளுக்கு இப்போது 14 வயது. அவளுக்கும் வராமல் தடுக்க இப்போதிருந்தே வைட்டமின் டி கொடுக்கலாமா?

---

கணக்காயர் எழுதியது:

அம்மா, தடுக்கும் என்பதற்கான சோதனை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அந்த வயதினருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை என்பது 2011இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவு. அது எலும்புக்காகச் சொல்லப்பட்டது, உணவிலும் மாத்திரையிலும் சேர்த்து அது கிடைத்தால் போதும். இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் இந்த நோய் வருவதில் ஏறத்தாழ பாதிப் பங்கு மரபுக்கு உண்டு என்று காட்டுவதால் உங்கள் அச்சம் காரணமில்லாதது அல்ல. ஆனால் நீங்கள் அவளுக்குச் செய்யக்கூடியது இதைவிடப் பெரிது: மாதவிலக்கு நாளில் பள்ளிக்குப் போக முடியவில்லை என்று அவள் சொன்னால் முதல் தடவையே நம்பி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நோய் கண்டறியப்படுவதில் பல நாடுகளில் ஏழு, எட்டு ஆண்டுகள் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவள். அந்த 11 என்ற எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் செய்துகொண்டது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி பரிசோதனை என்றால் சரியானதையே செய்திருக்கிறீர்கள். தோலில் உருவாவதும் வாயால் எடுப்பதும் கல்லீரலில் இந்த வடிவத்துக்கு மாறி இரண்டு, மூன்று வாரங்கள் ரத்தத்தில் நிற்பதால், உடலின் கையிருப்பை இதுதான் காட்டும். சிறுநீரகத்தில் உருவாகும் கால்சிட்ரியால் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். கையிருப்பு தீரும் நிலையிலும் அது இயல்பாகவே தெரியும். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் தவறான பரிசோதனைக்குச் சீட்டு எழுதி வருவதை மாதம் இரண்டு முறையாவது பார்க்கிறேன்.

அலகையும் பாருங்கள். 11 நானோகிராம் என்பது வேறு அலகில் லிட்டருக்கு 27.5 நானோமோல். ஒரு பெண்மணி தம் அறிக்கையில் 28 என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, 20க்கு மேல் இருந்தால் போதும் என்று எங்கோ படித்ததை நம்பி நிம்மதியாக இருந்துவிட்டார். அவருடைய 28 நானோமோலில் சொல்லப்பட்டது, அவர் படித்த 20 நானோகிராமில் சொல்லப்பட்டது. நானோகிராமை 2.5ஆல் பெருக்கினால் நானோமோல் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில வம்புகள் இந்தப் பரிசோதனையில் உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, வைட்டமின் டியைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கூட்டுவதால் எண்ணை ஏறக்குறைய 20 சதவீதம் உயர்த்திக் காட்டும். மாத்திரையை நிறுத்தினால் எண் சரியும். உடம்பில் திடீர் அழற்சி இருந்தாலோ, அறுவை சிகிச்சை முடிந்த கையோடு எடுத்தாலோ எண் இறங்கிக் காட்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் அதிக அளவில் எடுப்பவர்களுக்குச் சில கருவிகளில் பொய்யாக உயர்ந்து வரும். உங்கள் டைனோஜெஸ்டில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, அறுவை முடிந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. ஆக, பயோட்டின் எடுக்கவில்லை என்றால் உங்கள் 11 உண்மையான 11 என்றே எடுத்துக்கொள்ளலாம். 20 போதுமா 30 வேண்டுமா என்று நிபுணர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள், 30 என்று 2011இல் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024இல் அந்த எல்லைக்கோட்டைக் கைவிட்டது. ஆனால் 11 குறைவுதான் என்பதில் எந்தப் பக்கத்தினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

வணக்கம் மழைத்துளி. நான் மருந்தாளுநர். இதுவரை எல்லாரும் வைட்டமின் டி திட்டுகளை என்ன செய்யும் என்றே பேசியிருக்கிறார்கள். என் பார்வையில் உங்களுக்கு அதைவிட அவசரமான காரணம் ஒன்று இருக்கிறது, அது எலும்பு.

எண்டோமெட்ரியோசிஸுக்குத் தரப்படும் மருந்துகள் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனை அடக்கியே வேலை செய்கின்றன. எலும்பின் அடர்த்தியைக் காப்பதும் அதே ஈஸ்ட்ரோஜன். லூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகள் ஈஸ்ட்ரோஜனை மாதவிடாய் முடிந்த நிலைக்கே கொண்டுபோவதால், சில மாதங்களிலேயே எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கும்; ஆகவே அவற்றோடு சிறு அளவில் ஹார்மோனைச் சேர்த்துத் தருவது வழக்கம். எலகோலிக்ஸ் மாத்திரையைக் கூடுதல் அளவில் ஆறு மாதங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதும் எலும்பை முன்னிட்டே. டைனோஜெஸ்ட் இவற்றைப் போலக் கடுமையானது அல்ல, ஈஸ்ட்ரோஜனை மிதமாகவே குறைக்கிறது. ஆனாலும் 12 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களிடம் ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வில் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 1.2 சதவீதம் குறைந்தது. நீங்கள் அந்த வயதைக் கடந்தவர். இருந்தாலும், பல ஆண்டுகள் எடுக்க வேண்டிய மருந்தை 11 என்ற கையிருப்போடு தொடங்குவது, காலிப் பணப்பையோடு நெடும்பயணம் கிளம்புவதைப் போன்றது. ஆகவே வலி குறைந்தாலும் குறையாவிட்டாலும் இந்தக் குறைவைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். சில வாரங்கள் அதிக அளவு கொடுத்துவிட்டுப் பிறகு குறைந்த தினசரி அளவுக்கு மாற்றுவது ஒரு முறை. தொடக்கத்திலிருந்தே தினமும் மிதமான அளவு கொடுப்பது இன்னொரு முறை. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. "பக்கவிளைவு அதிகமில்லாதது" என்று வெண்தாமரை எழுதியது இந்த வரம்புக்குள் பொருந்தும், வெளியே பொருந்தாது. வாரம் ஒன்று விழுங்க வேண்டிய 50,000 யூனிட் மாத்திரையை நாளுக்கு ஒன்றாக விழுங்கி, பட்டையை ஒரே மாதத்தில் காலி செய்துவிட்டு அடுத்த பட்டை கேட்டு வந்து நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். "வாரம்" என்று சீட்டில் எழுதியிருந்தது; மாத்திரைப் பட்டையில் அப்படி எதுவும் இல்லை. அவருக்குத் தீராத தாகம், மலச்சிக்கல், குமட்டல் எல்லாம் இருந்தன, அவற்றையும் எண்டோமெட்ரியோசிஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது.

மாதவிலக்கு வலிக்கு ஒரே தடவையில் 300,000 யூனிட் கொடுத்து வலி 41 சதவீதம் குறைந்ததாக 2012இல் வந்த இத்தாலிய ஆய்வை யாராவது உங்களிடம் காட்டக்கூடும். அதில் இருந்தவர்கள் 40 பேர். அவர்களுக்கு இருந்தது வேறு நோய் எதுவும் இல்லாத சாதாரண மாதவிலக்கு வலி, எண்டோமெட்ரியோசிஸ் இல்லை. அதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை 500,000 யூனிட் கொடுத்த மூதாட்டிகள், எடுக்காதவர்களைவிட அதிகமாக விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார்கள் என்று 2010இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியபோது அதை நடத்தியவர்களே எதிர்பார்க்கவில்லை.

சிறுநீரகக் கல் வந்திருந்தாலோ, தையசைடு வகை நீர்மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுத்தாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சிறிது கொழுப்புள்ள உணவோடு எடுங்கள், நன்றாக உறிஞ்சப்படும்.

---

நெடுவழி எழுதியது:

மருந்துப்பெட்டி சொன்ன எலும்பு விஷயத்தை எனக்கு என் முதல் ஆறு மாத ஊசிக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. மழைத்துளி, அடுத்த முறை போகும்போது எலும்பு அடர்த்திப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

மழைத்துளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்ததுதான்.

கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் இரண்டையும் சோதிக்கச் சொன்னார். கால்சியம் இயல்பாக இருக்கிறது. பாராதைராய்டு சற்று உயர்ந்திருக்கிறது. கால்சியத்தைக் கீழே விடாமல் பிடிக்க உடல் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள் சொன்னார். எட்டு வாரங்கள் வாரத்துக்கு ஒரு மாத்திரை, பிறகு தினசரி 1,000 யூனிட், மூன்று மாதங்கள் கழித்து மறுபரிசோதனை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டையின் பின்புறம் "ஞாயிறு மட்டும்" என்று பேனாவால் பெரிதாக எழுதிவிட்டேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனையை இப்போதைக்கு வேண்டாம், டைனோஜெஸ்ட்டை நீண்ட காலம் தொடர்வதானால் பார்க்கலாம் என்றார். கட்டி திரும்பாமல் இருக்க வைட்டமின் டி உதவுமா என்று கேட்டேன். அதற்கு டைனோஜெஸ்ட்டைத்தான் நம்ப வேண்டும், வைட்டமின் டியை எலும்புக்காக எடுங்கள் என்றார். என்னால்தான் வந்ததா என்ற கேள்வியையும் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து "இல்லை" என்றார், அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

கணக்காயர் கேட்ட "எந்த வலி" என்ற கேள்வி மனத்தில் தங்கிவிட்டதால், நெடுவழி அக்காவைப் போல ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கம் அடிவயிற்று வலி, வலப்பக்கம் கை கால் எலும்பு வலியும் சோர்வும். முதல் நாளே வியப்பாக இருந்தது. இத்தனை நாளும் ஒரே வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று இடப்பக்கம் 2, வலப்பக்கம் 6.